வள்ளத்து எண்ணெய் பூசின வண்டி

புன்னைக்காயல்,
திங்கட்கிழமை

அன்பு மகன் அலெக்ஸுக்கு அம்மா எழுதுறது. மாதா புண்ணியத்துல நாங்க இங்கன இருக்கோம், நீயும் ஃபெமினாவும் பேரப்பிள்ளையும் அங்கன கத்தார்ல நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிடுதேன். நாங்களும் சுகம்னு எழுதத்தான் உக்காந்தேன், கை வரமாட்டேங்குது. ஃபோன்ல பேசுனா பாதியில டூட்டிம்மான்னு வச்சிருவ, அதான் காகிதத்துல எழுதுதேன், இத முழுசாப் படிச்சுத்தான் ஆகணும்.

நீ லீவுல வந்து வாங்கி நிறுத்திட்டுப் போன காரால இந்த வீட்டு நிம்மதி போச்சுலே. உப்புக்காத்து பெயிண்ட அரிச்சிரும், வாக்ஸ் போடுங்க வாக்ஸ் போடுங்கன்னு பேசும்போதெல்லாம் சொன்னியே, எந்த வாக்ஸுன்னு சொன்னியா? கண்ணு ஆபரேஷன் பண்ணின உங்க அப்பா பஸ் மாறி பஸ் மாறி திருநெல்வேலிக்குப் போயி, ஆவுடைநாயகம் அண்ணாச்சி கார் சாமான் கடையில நின்னுருக்காவ. டப்பாவுல கட்டியா ஒண்ணு இருந்துச்சாம், அது ரொம்ப நாள் தாங்கும், ஆனா கை நோகத் தேய்க்கணும். பாட்டில்ல தண்ணியா இருக்கது லேசு, நாலு தடவ கழுவுனா போயிரும். இன்னொண்ணு வாக்ஸே கிடையாதாம், பெயிண்டயே சுரண்டுத பாலிஷாம். எத வாங்கன்னு கேக்க கடை வாசல்ல நின்னு உனக்கு ஃபோன் மேல ஃபோன் போட்டாவ, நீ எடுக்கல. தப்பானத வாங்கி மகன் வண்டியக் கெடுத்துரப்பிடாதுன்னு வெறுங்கையோட திரும்பி வந்துட்டாவ.

பெறவு அவுகளா ஒரு யோசனை பண்ணுனாவ. உப்புக்கு அவுகளுக்குத் தெரிஞ்ச மருந்து ஒண்ணுதான, மர வள்ளத்துக்குப் பூசுத மீன் எண்ணெய். கடல்லயே கெடந்த வள்ளத்த அரிக்காத உப்பு கரையில நிக்குத கார என்ன செஞ்சிரும்னு, யார்கிட்டயோ சொல்லிவச்சு ஒரு கேன் வாங்கி, பழைய வேட்டியக் கிழிச்சு ஒரு இடம் விடாமப் பூசிட்டாவ. நான் குசினியில அடுப்ப அமத்திட்டு வந்து பாக்கதுக்குள்ள வேலை முடிஞ்சுது. ஏ யப்பா, அந்த நாத்தம்! தெருப் பூனை பூரா வண்டி மேல, ஈ மொய்க்குது, கடக்கரை மண்ணு பறந்து வந்து ஒட்டி, மசால் பெரட்டி வச்ச மீன் மாதிரி நின்னுச்சு. நானும் சிரிச்சேன், இல்லங்கல, அவுகளும் சிரிச்சாவ. சோப்புத்தண்ணி கரைச்சுத் தொடைக்கும்போதுதான் மண்ணு இழுத்து முன் மூடியில கோடு கோடா விழுந்துட்டு.

அத வீடியோவுல பாத்துட்டு என்ன பேச்சுலே பேசுன. மீன் நாத்தத்துலயே கெடந்தவருக்கு கார் அருமை தெரியுமா, இனிமே என் வண்டியில கை வைக்காதீங்கன்னு பெத்த தகப்பனப் பாத்துச் சொன்னியே, பின்னால ஃபெமினா சிரிச்ச சத்தமும் எனக்குக் கேட்டுச்சு. அந்த மீன் நாத்தந்தான் உன்னத் தூத்துக்குடி ஹாஸ்டல்ல வச்சுப் படிக்க வச்சுது, கத்தாருக்கு ஏத்தி விட்டுது. எலும்பில்லாத நாக்கு எப்படி வேணும்னாலும் புரளும். அப்பா ஃபோன என் கையில குடுத்துட்டு பைய எந்திரிச்சுப் போயிட்டாவ. அதுவரைக்கும் அவுக வாயில அது நம்ம வண்டி. அன்னையில இருந்து அவன் வண்டி.

கோவத்துல ஒரு வார்த்தை விட்டுட்டான், சரியாயிரும்னு நானும் விட்டுட்டேன். போன செவ்வாக்கிழமை காலப்பூசைக்கு நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பக்கத்து வீட்டு பெர்சிஸ் ஓடி வந்திருக்கா. நிறைமாசமா இருந்த அவ மகளுக்கு வலி கண்டுட்டு, ஆம்புலன்ஸு வர நேரமாகும்னுட்டானாம். அவ மருமகன்தான வாரா வாரம் வந்து உன் வண்டிய ஸ்டார்ட் பண்ணி வைக்கான், சாவியக் குடுங்கண்ணே, அவன் ஓட்டிருவான்னு கேட்டுருக்கா. சூறாவளிக்கு நடுவுல அடுத்தவன் வள்ளத்தக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்த மனுசன், வாசல்ல நின்னு, அது அவன் வண்டிம்மா, நான் கை வைக்கப்பிடாதுன்னு சொல்லிட்டாவ. மீன் ஏத்துத லோடு ஆட்டோவுல, ஐஸ் தண்ணிக்கு மேல பாய விரிச்சு அந்தப் பிள்ளையப் படுக்க வச்சுக் கொண்டு போனாவ. ஆத்தூர் வாரதுக்கு முன்னாலயே வழியில பெத்துட்டா. தாயும் பிள்ளையும் பொழச்சது மாதா கிருபை. பெர்சிஸ் இப்ப எங்க வாசல் பக்கம் திரும்புததே இல்ல, நான் அவளக் குத்தம் சொல்ல மாட்டேன். அப்பா சரியாச் சாப்பிடல, கடக்கரைக்குப் போகல, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுன்னு என்கிட்ட கேக்காவ.

நேத்து நானே சாவியக் கொண்டுபோயி அந்த மருமகன் கையில குடுத்தேன், இனி ஊருக்கு ஒரு அவசரம்னா நீ எடுத்து ஓட்டுய்யான்னு. அவன் வாங்கல. அலெக்ஸ் சொல்லட்டும்னுட்டான்.

நீ குடுத்துவிட்ட ரெண்டு வாக்ஸ் டப்பாவும் வந்துச்சு. தேய்க்க ஒரு துணி, தொடைக்க ஒரு துணி, என்ன மெதுவா இருக்கு. அப்பா கண்ணுக்கு விடுத மருந்து கேட்டுருந்தேன், அது மட்டும் உனக்கு மறந்துட்டு. கொண்டுவந்த மணப்பாட்டுக்காரர் வெள்ளிக்கிழமை கத்தாருக்குத் திரும்புதாராம், இந்தக் காகிதத்தோட ரெண்டு டப்பாவயும் அவர்கிட்டயே குடுத்துவிடுதேன். எந்த வாக்ஸு நல்லதுன்னு இனி இந்த வீட்ல யாரும் தேடப் போறதில்ல.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஃபோன் பண்ணு. உன் சத்தம் கேட்டா அவுக பின்வாசல் வழியாப் போயிருதாவ, நான் பிடிச்சு உக்கார வைக்கேன். நீ சொன்னத நீதான் திருப்பி எடுக்கணும், அம்மா சொல்லி அது ஆறாது. முதல்ல வண்டியப் பத்திக் கேட்டன்னா நானே ஃபோன வச்சிருவேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயில்ல தலையில துணி கட்டிக்க. பேரப்பிள்ளைக்கு என் முத்தம். அவன் வளந்து ஆளாகி, நாலு பேரு கேக்க உன்ன இப்படி ஒரு வார்த்தை சொல்லிராம இருக்கணும்னு தினமும் உனக்காக ஜெபமாலை சொல்லுதேன்.

உன் அம்மா,
கிரேஸி