பெனியின் தலைமேல் வைத்த கை

மாங்கெரே, ஆக்லாந்து
செவ்வாய்க்கிழமை

தம்பி கெலேபிக்கு,

உன் மகன் ஹவேயா என் மகன் பெனியின் தலையைத் தொட்டான். சனிக்கிழமை ஈடன் பார்க் ரக்பி மைதானத்தில், அரங்கம் நிறைந்த ஜனங்களுக்கு முன்னால், மண்டியிட்டுக் கிடந்த என் மகனின் தலைமயிரைக் கலைத்துவிட்டு, நாய்க்குட்டியைத் தட்டுவது போல இரண்டு தட்டுத் தட்டினான். அதை நான் பார்த்தேன். பெரிய திரையில் இன்னொரு முறையும் காட்டினார்கள். அதையும் பார்த்தேன்.

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

நீ என் முன்னால் உட்கார்ந்து பேச முடியாது, நான் தொலைபேசியில் உன்னைத் திட்ட முடியாது. அக்காளுக்கும் தம்பிக்கும் நம்மவர்கள் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அதை நான் மீறியதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நம் போதகர் வியாழக்கிழமை தொங்காவுக்கு, நம் வவா தீவுக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படிப்பார். படிக்கட்டும்.

உன் மனைவி லவீனியா ஞாயிறு மாலை கூப்பிட்டாள். "அண்ணி, அது ஆட்டத்துல நடக்கிறதுதானே? இந்தக் காலத்துப் பசங்க எல்லாரும் அப்படித்தான் தட்டிக்கிறாங்க. அவரும் அதையேதான் சொல்றாரு" என்றாள். அவரும் என்றால் நீ. நீ அப்படிச் சொன்னாயா? என் வயிற்றில் பிறந்தவன் உன் பிள்ளைகளுக்கு மேலானவன், அவன் தலையில் அவர்கள் கை படக் கூடாது என்பது உனக்குத் தெரியாதா? நம் அப்பா இறந்தபோது கிழிந்த பெரிய பாயைச் சுற்றிக்கொண்டு சமையல் கொட்டகையில் புகைக்குள் நின்றது நீ. தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது நம் அத்தை. அன்றைக்கு அது சும்மா நடக்கிறதாக இருந்ததா?

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். லவீனியா சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு நீ முடிவு செய்யக் கூடாது.

ஆட்டக்காரர்களின் குடும்பத்துக்கு என்று இருக்கைகள் ஒதுக்குவார்கள். தொங்கா அணிப் பக்கம் பெனி எனக்கு ஒரு சீட்டு அனுப்பினான். நியூசிலாந்து அணிப் பக்கம் ஹவேயா ஒரு சீட்டு அனுப்பினான். இரண்டும் ஒரே நாளில் வந்தன. என்ன செய்வது என்று பெனியிடமே கேட்டேன். "எங்கயாவது உக்காரும்மா, எப்படியும் நீ ரெண்டு பக்கமும்தான் கத்தப் போற" என்றான். நான் யோசித்து, முதல் பாதிக்கு மகன் பக்கம், இரண்டாம் பாதிக்கு மருமகன் பக்கம் என்று வைத்துக்கொண்டேன். உனக்கு இதைவிட நியாயமான வழி தெரிந்தால் எழுது.

சிவப்புப் பாவாடை, அதன்மேல் மரியாதைக்கு நம் அம்மாவின் இடுப்புப் பாய். அதைக் கட்டிக்கொண்டுதான் போனேன். முதல் பாதியில் என் பக்கத்தில் சபைப் பாடகர் குழுவின் ஃபூசி. அவளை உனக்குத் தெரியும், குரல் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு, வாய் எல்லாவற்றையும் விடப் பெரிசு. எங்களைச் சுற்றி ஒரே சிவப்பு. கொடிகளைப் போர்த்திக்கொண்டு ஜனங்கள் பாட்டுப் பாடினார்கள். போர் நடனத்துக்கு இரு அணியும் எதிரெதிரே வந்து நின்றபோது, பெனியும் ஹவேயாவும் நேருக்கு நேர் நின்றார்கள். ஒருவன் சிவப்பில், ஒருவன் கறுப்பில். என் வீட்டில் ஒரே படுக்கையில் கால் மாற்றிப் படுத்து வளர்ந்த இரண்டு பேர், நாக்கை நீட்டி ஒருவரை ஒருவர் மிரட்டினார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஹவேயா பந்தை வாங்கி, நம் ஆட்கள் மூன்று பேரை உதறிக்கொண்டு ஓடி, கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தான். நான் எழுந்து நின்று கைதட்டினேன். என் முழங்கால் என்னைக் கேட்டுக்கொண்டு எழவில்லை. சுற்றிலும் அத்தனை சிவப்பும் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தது. ஃபூசி என் இடுப்புப் பாயைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி தெலேசியா. சோறு போட்டு வளர்த்தது நீ, ஆட்டம் ஆடுறது அவங்களுக்கு. அதுக்கு கைதட்டல் வேறயா? எந்தப் பக்கம்டி நீ?"

முன்வரிசைக் கிழவர் ஒருவர் திரும்பி, "அந்தம்மாவுக்கு ஒரு கறுப்புச் சட்டை வாங்கிக் குடுங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் இன்னும் மோசமாகப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் என்னோடு கை குலுக்குகிற ஜனங்கள் அவர்கள். அத்தனை ஏச்சையும் உன் மகனுக்காக வாங்கிக்கொண்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்.

இடைவேளையில் எழுந்து, அரங்கத்தைச் சுற்றி நடந்து, கறுப்புச் சட்டைக்காரர்களின் குடும்பங்கள் இருக்கும் பக்கம் போனேன். எனக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரர் தோளில் தட்டி, "அம்மா, இடம் மாறி வந்துட்டீங்க போல" என்றார். "நான் என் இடத்துலதான் இருக்கேன். நீ பந்தைப் பாரு" என்றேன். அதற்குப் பிறகு அவர் எனக்கு ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அங்கே ஹவேயா கட்டிக்கொள்ளப் போகும் பெண் பிரிட்ஜெட் இருந்தாள். கறுப்புச் சட்டை போட்டிருந்தாள். ஆனால் அதன்மேல், போன கிறிஸ்துமஸுக்கு நான் கொடுத்த இடுப்புப் பாயைக் கட்டியிருந்தாள். முடிச்சுத் தப்பாக இருந்தது, அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டேன். நான் உட்காரும்வரை அவள் உட்காரவில்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாம் பாதியில் நம் ஆட்கள் நன்றாக ஆடினார்கள். இன்னும் ஒரு முறை கோட்டைத் தாண்டினால் ஆட்டம் சமம் என்ற நிலை. பெனி பந்தோடு எங்கள் பக்கமாக ஓடி வந்தான். கோடு அவன் கைக்கு எட்டும் தூரம். ஹவேயா குறுக்கே பாய்ந்து அவனை இடுப்பில் அடித்து வீழ்த்தினான். பந்து கையிலிருந்து நழுவி முன்னால் உருண்டது. நடுவர் ஊதினார், அந்த வாய்ப்புப் போயிற்று.

அந்த அடியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது சுத்தமான அடி. அது ஆட்டம். அதற்காகக் கோபப்படுகிறவள் நான் இல்லை என்று லவீனியாவிடம் சொல்.

பெனி மண்டியிட்டபடி இருந்தான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஹவேயா குனிந்து அவன் தலையைக் கலைத்துத் தட்டினான். தட்டிவிட்டு நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தான். நான் எங்கே இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும், சீட்டு அனுப்பியதே அவன்தானே. என்னைப் பார்த்துச் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்தினான்.

புரிகிறதா கெலேபி? நான் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும், அத்தை தன் பக்கம் வந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டான். என் மகன் தலையைத் தட்டி எனக்கே வேடிக்கை காட்டினான். நானும் சேர்ந்து சிரிப்பேன் என்று எதிர்பார்த்தான்.

எதிர்ப் பக்கத்தில் அந்தச் சிவப்பு முழுவதும் ஒரே மூச்சில் அமைதியாயிற்று. நியூசிலாந்துக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நம்மவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. யார் யாருடைய மகன், யார் யாருக்கு மேல் என்று தெரியாத தொங்காக்காரன் அந்த அரங்கத்தில் இல்லை. எல்லோரும் என்னைத் தேடினார்கள். நான் எங்கே இருந்தேன்? கறுப்புக்கு நடுவில், வறுவல் பொட்டலத்தோடு.

"என்னாச்சு அத்தை? ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு?" என்று பிரிட்ஜெட் கேட்டாள். பொட்டலத்தைப் பின்னால் இருந்தவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருந்தது. நாம் தோற்றோம் என்று பேருந்தில் ஒரு பையன் சொல்லித்தான் தெரியும். ஆனால் வாசலைத் தாண்டும் முன் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். ஹவேயா வலது தோளைப் பிடித்துக்கொண்டு மருத்துவரோடு ஓரமாக நடந்துகொண்டிருந்தான். தொலைக்காட்சியில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் ஹவேயா வந்து கதவைத் தட்டினான். சபையிலிருந்து வந்து தேங்காய்ப்பாலில் இறைச்சி வைத்துச் சேம்பிலையில் பொதிந்து அடுப்பில் வைத்திருந்தேன். வாசம் தெருவரைக்கும் போயிருக்கும். "அத்தை, இலைப்பொதி வாசம் வருது, கதவைத் திற. பசியில செத்துட்டேன்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். நான் திறக்கவில்லை. மறுபடியும் தட்டினான். "பெனி, உங்கம்மா தூங்குறாங்களாடா?" என்று சன்னல் பக்கம் போய்க் கேட்டான். பெனி எழுந்தான். உட்கார் என்றேன். உட்கார்ந்தான். ஹவேயா கொஞ்ச நேரம் படியில் இருந்துவிட்டுப் போய்விட்டான். பொதி கரிந்து போயிற்று.

பெனி என்ன சொன்னான் என்பதையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவன் வேறு வழியாக உனக்குச் சொல்வான். "விடும்மா. அவனுக்குத் தெரியாது. ஒன்பது வயசுல இங்க வந்தவன். நீ அவனை என்னைக்காவது அதட்டியிருக்கியா? என்னை அடிச்ச, அவனை அடிக்கவே இல்ல. யாரு அவனுக்குச் சொல்லிக் குடுத்தா?" என்றான். இது என் மகன் என்னிடம் பேசுகிற பேச்சு. ஒன்பது வயது வரைக்கும் ஹவேயா உன் வீட்டில் இருந்தான், கெலேபி. அந்த ஒன்பது வருஷத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. மிச்சத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசப் போவதில்லை.

அவன் தலையைத் தொட எனக்கு உரிமை உண்டு, அவனுக்கு எங்கள் தலையைத் தொட உரிமை இல்லை. ஒன்பது வயதிலிருந்து அவன் முடியை நான்தான் வெட்டிவிட்டேன், சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து. இப்போது எங்கேயோ கடையில் போய்ப் பக்கவாட்டில் கோடு கோடாகச் செதுக்கிக்கொண்டு வருகிறான். அன்றைக்கே ஏதோ கெட்டுப்போயிற்று என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். அவன் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்தாயிற்று, விருந்துக்குப் பன்றிகளுக்குச் சொல்லியாயிற்று என்று லவீனியா பெருமையாகச் சொன்னாள். அத்தைக்கான இடத்தில் யார் உட்காருவார்கள் என்று கேட்டுப் பார். மணமக்களுக்கு விரிக்கும் பாயை யார் எடுத்துக்கொள்வார்கள்? கேக்கின் மேலடுக்கு யார் வீட்டுக்குப் போகும்? நான் வராவிட்டால் அந்த மண்டபத்தில் அந்த இடம் காலியாகக் கிடக்கும். அதை அத்தனை பேரும் பார்ப்பார்கள், ஈடன் பார்க்கில் பார்த்தது போலவே. அப்படிச் செய்ய என்னால் முடியும். செய்யவும் செய்வேன்.

அது வேண்டாம் என்றால், ஹவேயா மன்னிப்புக் கேட்க வேண்டும், நம் முறைப்படி. தொலைபேசியில் அல்ல, பூங்கொத்தோடு அல்ல. இருப்பதிலேயே பழைய, கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு, கழுத்தில் மன்னிப்புக்கு அடையாளமான இஃபி இலை மாலையோடு என் வாசல் புல்தரையில் தலை குனிந்து உட்கார வேண்டும். நான் வெளியே வந்து இலையைக் கழற்றும்வரை எழக் கூடாது. எப்போது வருவேன் என்று சொல்ல மாட்டேன். மழை பெய்தாலும் அப்படியே. பிரிட்ஜெட் குடை பிடிக்கக் கூடாது. அவள் உள்ளே வந்து என்னோடு இருக்கலாம், அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

பாய் நீ அனுப்ப வேண்டும். அப்பாவின் சாவுக்கு நீ சுற்றியிருந்தது இன்னும் உன் பரணில் இருக்கும். அதுவேதான் வேண்டும், வேறு வேண்டாம். இலை அனுப்பாதே, விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஃபூசியின் மருமகள் வீட்டுக் கண்ணாடிக் கொட்டகையில் ஒரு கன்று இருக்கிறது. ஃபூசி பறித்துக் கொண்டுவரட்டும். எந்தப் பக்கம் என்று கேட்டாளே, அவளும் வந்து நின்று பார்க்கட்டும்.

பெனி வீட்டுக்குள் என் பக்கத்தில் உட்கார வேண்டும். சன்னலைத் திறந்து அவனோடு பேசிச் சிரிக்கக் கூடாது.

லவீனியா அவன் தோளைப் பற்றி விசாரித்து எனக்கு உடனே சொல்ல வேண்டும். எலும்பா, சதையா, படம் எடுத்தார்களா என்று. நான் கேட்டதாக அவனிடம் சொல்லக் கூடாது. தோள் மோசமாக இருந்தால் புல்தரைக்குப் பதில் வாசல் படியில் உட்காரலாம். அதற்கு மேல் இறங்க மாட்டேன்.

நீ வவாவில் இருந்தபடியே என் கையெழுத்தைப் பார்த்துத் தலை குனிந்தால் போதும்.

இலையைக் கழற்றிய பிறகு அவன் சமையலறைக்கு வர வேண்டும். அந்த நாற்காலி இன்னும் இருக்கிறது. அதில் உட்கார்ந்து, கடையில் செதுக்கிய அந்தக் கோடுகளோடு தலையை என்னிடம் குனிய வேண்டும். கல்யாணத்துக்கு அந்தத் தலையோடு அவன் போக முடியாது. கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன். அடுப்பில் இலைப்பொதி இருக்கும்.

ஆண்டவர் உன் வீட்டையும் உன் பிள்ளைகளையும் காக்கட்டும், என்னிடம் இருக்கிறவனையும் சேர்த்து.

உன் மூத்த அக்காள்,
தெலேசியா