எதிர்ச்சாரிக் கடை நீங்கலாக

மார்ச் 4

அக்காவின் தையல் கடையில் இன்று ஒரே சிரிப்பு. ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கிய தபால்காரர் புதுச் சட்டையோடு நிலைக்கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நின்றார். "என் தோள் நேராயிடுச்சா?"

"தோள் அப்படியேதான் இருக்கு. சட்டைதான் உங்களுக்காகக் கோணிக்கிட்டு இருக்கு" என்றாள் அக்கா.

அளவுகளைக் கொடுத்தால் வெட்ட வேண்டிய வடிவத்தைக் காகிதத்தில் அச்சிட்டுத் தரும் கணினி நிரல் நான் எழுதியது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவன் எழுதியது என்று அக்கா கணவர், அதாவது மாமா, ஊரெல்லாம் சொல்கிறார். சொல்லட்டும்.

அதில் சட்டைக் கையை வரையும் கைப்பகுதி மட்டும் என்னுடையது அல்ல. 'ஊசிமுனை' என்ற பெயரில் இணையத்தில் உலவும், முகம் தெரியாத ஒருவர் எழுதி அனுப்பியது. அதில் வெட்டினால், கையைத் தூக்கும்போது சட்டை கூடவே ஏறாது. அதனால்தான் ஒரு இசைக்குழு முழுவதற்கும் சட்டை தைக்கும் வேலை அக்காவுக்குக் கிடைத்தது. வயலின் வாசிப்பவர்களுக்கு அது பெரிய விஷயம்.

மார்ச் 9

போச்சு! எதிர்ச்சாரியில் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரரும் எங்கள் நிரலில்தான் வெட்டுகிறாராம். (மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். அதனால் அந்தப் பெயர்.) அக்கா கத்தரிக்கோலை மேசையில் வைத்த சத்தத்தில் மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

"அவருக்கு யாருடா குடுத்தா?"

"யாரும் குடுக்க வேண்டாம்க்கா. நெட்ல பொதுவாப் போட்டு வச்சிருக்கேன். யார் வேணா எடுத்துக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம். உரிமத்துலயே அப்படித்தான் இருக்கு."

"கூடப்பொறந்தவன் செய்யிற வேலையாடா இது?"

சாப்பாடு போட்டாள். பேசவில்லை.

மார்ச் 10

இன்றும் பேசவில்லை.

மார்ச் 11

தாங்க முடியவில்லை. உரிமத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: 'எதிர்ச்சாரிக் கடை நீங்கலாக, எல்லோரும் பயன்படுத்தலாம்.' நிரலைத் திறந்ததும் முதலில் கண்ணில் படும்படி வேறு வைத்தேன். அக்கா இரண்டு முறை வாசித்தாள்.

"டீ குடிக்கிறியா?"

உள்ளே ஏதோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் டீயைக் குடித்துவிட்டேன்.

மார்ச் 14

கடல் தாண்டி எங்கோ இருக்கும் தையற்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: 'என் கடையும் தெருவின் எதிர்ச்சாரியில்தான் உள்ளது. எனக்கும் இது பொருந்துமா?'

அட, யாருடைய கடையும் யாரோ ஒருவருக்கு எதிரில்தானே இருக்கும்! என் புத்தியை என்ன சொல்வது! தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த மடலைத் திறந்ததும் சிரிப்பு நின்றது. ஊசிமுனை.

'நீங்கள் தேர்ந்தெடுத்த உரிமத்தை நம்பித்தான் கைப்பகுதியைக் கொடுத்தேன். யாரையும் விலக்கக் கூடாது, புதிதாகத் தடை சேர்க்கக் கூடாது என்று அது சொல்கிறது. அந்த வரியை எடுங்கள். இல்லையென்றால் நான் எழுதிய பகுதியை எடுத்துவிடுங்கள்.'

கோபமாக எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 15

"அப்போ நம்ம புரோகிராம் நம்மளுது இல்லையா?"

"நம்மளுதும்தான்க்கா. நம்மளுது மட்டும் இல்ல."

"பெரிய வித்தை! கைய நீயே எழுது."

எழுதினேன். மாமாவுக்கு மாதிரிச் சட்டை தைத்துப் போட்டு, வயலின் பிடிப்பதுபோல் கையைத் தூக்கச் சொன்னோம். சட்டை மொத்தமும் மேலே போய்த் தொப்பை வெளியே வந்தது. "இதுவே போதும். ஜனங்க பாட்டை விட்டுட்டு இதைத்தான் பாப்பாங்க" என்றார் மாமா. அக்காவும் சிரித்துவிட்டாள். பிறகு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இசைக்குழுவின் துணி அடுத்த வாரம் வெட்டியாக வேண்டும். ஊசிமுனையின் கை இல்லாமல் அந்த வேலை இல்லை.

மார்ச் 16

காலையில் அக்காவும் நானும் பால் வாங்கப் போனபோது, கண்ணாடிக்காரர் தன் கடைத் தரையில் காகிதம் விரித்து, மண்டியிட்டு, பென்சிலால் தோள் வரைந்துகொண்டிருந்தார். அழிக்கிறார், வரைகிறார், அழிக்கிறார்.

அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சாங்க?"

"இல்லம்மா. எதிர்ச்சாரிக் கடை கூடாதுன்னு போட்டிருந்துச்சு. நான்தானேன்னு நிறுத்திட்டேன்."

குத்தலே இல்லை. நெற்றியில் இருந்த கண்ணாடியைத் தரையில் தேடிக்கொண்டே சொன்னார்.

அந்த வரி சேர்வதற்கு முந்தைய பிரதியை அவர் தாராளமாகப் பயன்படுத்தலாம். கொடுத்த உரிமையை நான் திரும்பப் பறிக்கவே முடியாது. அது தெரியாமல், நான் போட்ட ஒரு வரிக்கு மரியாதை கொடுத்து மனிதர் மண்டியிட்டுக் கிடக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

தெருவைக் கடந்ததும் சொன்னாள்: "எடுத்துடுடா அந்த வரிய."

"இசைக்குழு வேலைக்காகவா?"

"அதுக்கும்தான். அந்த மனுஷன் முகத்தப் பாக்க முடியலடா."

மார்ச் 17

எடுத்துவிட்டேன். ஊசிமுனையிடம் மன்னிப்பும் கேட்டேன். பதிலுக்கு ஒரு 'நன்றி', கூடவே கைப்பகுதியில் ஒரு திருத்தம். என்ன மனிதரப்பா!

எதிர்க்கடையில் சொல்லிவிட்டு வரக் கிளம்பிய அக்கா வெகுநேரம் திரும்பவில்லை. சண்டையோ என்று மாமாவை அனுப்பினேன். அவரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரல் 2

இசைக்குழுவின் நிகழ்ச்சி. எல்லோரும் ஒன்றாக வில்லைத் தூக்கினார்கள். ஒரு சட்டைகூட ஏறவில்லை! மாமா முதல் ஆளாகக் கைதட்டினார், பாட்டு முடிவதற்கு முன்பே. அக்கா அவரைக் கிள்ளினாள்.

ஏப்ரல் 20

கழுத்து முன்னால் வளைந்தவர்களுக்குக் காலர் நம் நிரலில் சரியாக வராது. அக்காவுக்கு வெகுநாள் தலைவலி. கண்ணாடிக்காரர் நிரலைத் திறந்து, இரண்டு இடத்தில் கை வைத்து, மொத்தத்தையும் கெடுத்து, அக்காவோடு உட்கார்ந்து மறுபடி சரிசெய்து, இன்று அனுப்பிவிட்டார். தபால்காரரின் அண்ணனுக்கு வெட்டிப் பார்த்தோம். கச்சிதம்.

எழுதியவர்கள் வரிசையில் அவருக்கு என்ன பெயர் போடுவது என்று கேட்டேன். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, தானே விசைகளைத் தட்டிப் பெயரைப் போட்டார். வாசித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. மாற்றச் சொல்லவா என்று அக்காவிடம் கேட்டேன். அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது.

"இருக்கட்டும்டா. அதுக்குக் கீழ என் பேரப் போடு."

போட்டுவிட்டேன். முதலில் நான், பிறகு ஊசிமுனை, அதன் கீழே 'எதிர்ச்சாரிக் கடை', அதை ஒட்டி அக்கா.