கூடப் பிறந்தவர்கள் விவரம்

அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீ நலமா என்று கேட்டுத்தான் ஒரு கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆறு வருடம் கேட்காமல் இருந்துவிட்டு இப்போது முதல் வரியிலேயே கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். நலமா?

அம்மாவுக்கு இடது முழங்கால் மடங்குவதில்லை. நின்றபடியேதான் காய் நறுக்குகிறாள். அப்பா இன்னும் டிரைவிங் ஸ்கூலை நடத்துகிறார். அதே வெள்ளைக் கார், அவர் கால் பக்கம் அதே இரண்டாவது பிரேக். காலை ஆறு மணிக்குக் கற்றுக்கொள்ள வருகிறவர்களை வாசலில் நிறுத்தி, சாலை விதிப் புத்தகத்தை ஒப்பிக்கச் சொல்கிறார். ஒப்பிக்காதவரைச் சாவியைத் தொட விடுவதில்லை. அதனால் பாதிப் பேர் பக்கத்துத் தெருவில் புதிதாக வந்த ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள். அவருக்கு அதில் வருத்தம் இல்லை.

நான் ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறேன். ரத்தக் குழாய்கள் வந்து சேரும் மேசை என்னுடையது. பெயர், வயது, எடுத்த நேரம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே அனுப்ப வேண்டும். சீட்டில் ஒரு பெயரும் குழாயில் ஒரு பெயரும் இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். நாலு வருடமாக இதுதான் வேலை. அங்கே எல்லோரும் என்னை ஸ்டிக்கர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ இருக்கிற நாட்டில் எனக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. விசா கிடைக்கவில்லை.

வேறு நாடே கிடைக்கவில்லையா என்று நீ கேட்கலாம். லேப் படிப்பு அங்கேதான் நன்றாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி. மீதிப் பாதியை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவ இருக்கிற ஊரா?" அந்த ஊரிலிருந்து ரயிலில் பத்து மணி நேரம் என்றேன். அப்படியென்றால் சரி என்றார்.

விண்ணப்ப வேலையைப் பார்த்துக் கொடுக்க ஒரு ஏஜென்ட் வந்தார். எப்போதும் கக்கத்தில் நாலு ஃபைல் வைத்திருப்பார். டீ குடிக்கும்போதும் கீழே வைக்க மாட்டார். அம்மா அவருக்கு ஃபைல் அண்ணன் என்று பெயர் வைத்துவிட்டாள். இந்தப் பக்கத்துக்குப் புதியவர், நம் வீட்டுக் கதை எதுவும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து படிவத்தைப் பக்கம் பக்கமாக நிரப்பிக்கொண்டு வந்தார். ஒன்பதாம் பக்கத்தில் 'கூடப் பிறந்தவர்கள் விவரம்' என்று ஒரு கட்டம். உயிரோடு இருப்பவர், இறந்தவர், உடன் வசிப்பவர், வசிக்காதவர் எல்லோரையும் குறிப்பிட வேண்டும் என்று அதற்குக் கீழே இருந்ததைச் சத்தமாக வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "இருந்தவன் போயிட்டான். இருக்கிறவ இல்ல. ஒண்ணும் எழுத வேணாம்."

ஃபைல் அண்ணனுக்குப் புரிந்தது போலவும் இருந்தது, புரியாதது போலவும் இருந்தது. கட்டத்தின் குறுக்கே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார். "ஒரே பொண்ணு. நல்லதுதான் சார், கேள்வி குறையும்" என்றார். அந்தப் பக்கத்தின் அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் போட்டேன்.

நேர்காணலில் எனக்கு ஆறாம் எண் ஜன்னல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரிக்கு ஜலதோஷம். ஒவ்வொரு கேள்விக்கும் இடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எதற்கு இந்தப் படிப்பு, முடித்ததும் என்ன செய்வாய், செலவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் மனப்பாடம் செய்த பதிலைச் சொன்னேன். பிறகு, கூடப் பிறந்தவர்கள் உண்டா என்றார். இல்லை என்றேன். ஒருவர்கூட இல்லையா என்று இன்னொரு தடவை கேட்டார். ஒருவர்கூட இல்லை என்றேன். அவர் என்னவோ தட்டச்சு செய்தார். ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிற நேரம்கூட ஆகவில்லை, அக்கா.

ஏழு வாரம் கழித்துக் கூரியரில் பாஸ்போர்ட் வந்தது. கூடவே இரண்டு பக்கக் கடிதம். முதல் பத்தி மரியாதையாக இருந்தது. இரண்டாவது பத்தியில், விண்ணப்பதாரருக்கு இளைய சகோதரர் ஒருவரும் எங்கள் நாட்டில் வசிக்கும் மூத்த சகோதரி ஒருவரும் இருப்பதாக எங்கள் பதிவுகள் காட்டுகின்றன, இருவரையும் அவர் மறைத்திருக்கிறார் என்று இருந்தது. கீழே பெயர்கள், பிறந்த தேதிகள். எட்டு வருடத்துக்கு முன்னால் நீ போகும்போது உன் படிவத்தில் எழுதிக் கொடுத்தவை. என் தேதியைச் சரியாக எழுதியிருக்கிறாய். தம்பியை இன்னும் பள்ளி மாணவன் என்று போட்டிருந்தது. அவர்கள் பதிவேட்டில் அவன் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை.

உன் சான்றிதழ்கள், நம் ஆல்பம் எல்லாவற்றையும் அப்பா எப்போதோ பரண் மேல் ஏற்றிவிட்டார். நம் மூன்று பேர் பெயரும் சேர்ந்திருக்கிற தாள் இந்த வீட்டில் இப்போது அது ஒன்றுதான். அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வரியில் ஐந்து வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கக் கூடாது என்று இருந்ததைப் பிறகுதான் படித்தேன். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டேன்.

ஃபைல் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா ஒருத்தங்க இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்று நாலு தடவை சொன்னார். முப்பது நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அதற்கு உன் கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டும் என்று அவரே ஒன்றைத் தயாரித்துக்கொண்டு வந்தார். 'நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் என் குடும்பத்துடனான எல்லாத் தொடர்பையும் துண்டித்துக்கொண்டேன். என் இருப்பிடம் அவர்களுக்குத் தெரியாது.' இதுதான் அதன் சாரம். அப்பா வாசித்துப் பார்த்தார். "எப்படியாவது கையெழுத்து வாங்கு. இதுக்காவது உதவட்டும்" என்றார்.

அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சில நாள் அலைந்தேன். மறுபரிசீலனைக்கு என்னென்ன இணைக்க வேண்டும் என்று பார்ப்பதற்காக, விண்ணப்பத்தோடு கொடுத்த கையேட்டை லேபில் டீ நேரத்தில் எடுத்துப் புரட்டினேன். விசா நீட்டிப்பு என்ற பகுதியில் பாஸ்போர்ட்டைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்: 'விண்ணப்பதாரரின் பாஸ்போர்ட், முடிவு அறிவிக்கப்படும் வரை அலுவலகத்திலேயே இருக்கும். திருமணம், நோய், மரணம் உள்ளிட்ட எக்காரணத்துக்காகவும் இடையில் திருப்பித் தரப்பட மாட்டாது.'

ஆறு வருடத்துக்கு முன்னால் தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ போனில் சொன்னது இதுதானே. "விசா நீட்டிக்கக் குடுத்த பாஸ்போர்ட் ஆபீஸ்ல கிடக்குப்பா, கெஞ்சிப் பார்த்துட்டேன், தர மாட்டேங்கிறாங்க." அப்பா நம்பவில்லை. செத்தாலும் வராமல் இருப்பதற்கு இப்படி ஒரு சாக்கா என்று கேட்டார். பதினோராம் நாள் தம்பி போனபிறகு, நீயும் போய்விட்டாய் என்று சொல்லிவிட்டார். நான் நம்பினேனா என்று கேட்டால், யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் இருப்பது அப்போது எளிதாக இருந்தது.

கையேட்டைக் கொண்டுபோய் அப்பா முன்னால் வைத்து அந்த இடத்தைக் காட்டினேன். உனக்குத்தான் தெரியுமே, அச்சில் இருந்தால்தான் அவருக்கு அது விதி. விரலை வைத்து வரி வரியாக மூன்று தடவை வாசித்தார். "இது இப்பப் புதுசா போட்டதா?" என்றார். அட்டையின் பின்னால் பதிப்பித்த வருடத்தைக் காட்டினேன். நீ போவதற்கு முந்தைய வருடம். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். கார் சாவியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு நடந்ததை அவரிடம் கற்றுக்கொள்ளும் தையல்காரம்மா மறுநாள் அம்மாவிடம் வந்து சொன்னார். நாற்சந்தி நடுவில் கார் நின்றுவிட்டதாம். அப்பா தன் பக்கத்து பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தாராம். நாலு பக்கமும் ஹாரன். "சார், காலை எடுங்க சார், சார்" என்று இந்தம்மா கத்தின பிறகுதான் எடுத்தாராம். அந்த நெரிசலில் தானே வண்டியை ஓட்டிக் கொண்டுவந்து சேர்த்ததை அந்தம்மா பெருமையாகத்தான் சொன்னார். இறங்கும்போது அப்பா, "நல்லா ஓட்டினம்மா, இனிமே நான் வர வேண்டியதில்ல" என்றாராம். அதற்குப் பிறகு வீட்டில் அவர் உன் கையெழுத்தைப் பற்றிப் பேசவில்லை.

நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போனேன். இனி எழுதப்போவதைத் தள்ளிப்போட்டேன் என்பதுதான் சரி.

தம்பி ஒன்பதாம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தான். அக்காகிட்டப் பேசணும் என்றான். அன்று நீ கூப்பிட்டாய். போன் என் கையில்தான் இருந்தது. வராண்டாவில் மருந்துக் கடை ஓரமாக அப்பா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட் செய்தேன். நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய், நாலு தடவை. அப்புறம் போனையே அணைத்துவிட்டேன். உள்ளே போய் அவனிடம், லைன் கிடைக்கலடா என்றேன். சரிக்கா, அப்புறமா போடு என்றான். அப்புறம் அவனுக்கு நினைவு திரும்பவில்லை.

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் செய்தேன் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஆறாம் எண் ஜன்னலில் அப்பா இல்லை. நான் மட்டும்தான் நின்றேன்.

ஃபைல் அண்ணன் எழுதிய தாளை இதோடு வைக்கவில்லை. நீ எங்களை விட்டுப் போனதாக அதில் எழுதியிருக்கிறது. முப்பது நாள் போன வியாழக்கிழமை முடிந்தது. ஃபைல் அண்ணன் போன் செய்து, "அஞ்சு வருஷம்மா, நல்லா யோசிச்சியா?" என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். வருத்தம் வந்ததா என்றால், அதுவும் வரவில்லை. உள்ளே எதுவோ மரத்துப்போய் இருக்கிறது. பல் பிடுங்கும் டாக்டரிடம் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அது போல.

உனக்கு எழுதப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன், விலாசத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமலேயே. அம்மா பர்ஸைத் திறந்து உள் ஜிப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது. உன் காலேஜ் தோழி, இப்போது ஸ்கூலில் கணக்கு டீச்சராக இருக்கிறவள், அவளிடம் கேட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறாள். நீ மூன்று வீடு மாறியிருக்கிறாய். இரண்டு விலாசத்தை அடித்துவிட்டு, மூன்றாவதை எழுதியிருந்தது. ஏம்மா நீ ஒரு தடவைகூட எழுதவில்லை என்றேன். "எழுதினா அவ பதில் போடுவா. அதை நான் எங்க ஒளிச்சு வைப்பேன்?" என்றாள்.

அம்மா உனக்கு எழுதச் சொன்னதையும் சேர்த்துவிடுகிறேன். முடியை ரொம்பக் குட்டையாக வெட்டிக்கொள்ளாதே. காய்ச்சல் வந்தால் வெந்நீர் வைத்துக் கொடுக்கப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அவர்கள் யார் என்று நாங்கள் கேட்க மாட்டோம். நல்லபடியாக இருக்கட்டும், அவர்களும்.

இப்போது கவர் மேல் விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து கதவோரம் நின்றார். போனார். மறுபடி வந்தார். "அதை ஒரு தடவை வாசி" என்றார். வாசித்தேன். உன் பெயரிலிருந்து தொடங்கினேன், அவர் தடுக்கவில்லை. வீட்டு எண், தெரு, ஊர் எல்லாவற்றையும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "நம்பரெல்லாம் சரியா இருக்கான்னு இன்னொரு தடவை பார்த்துக்கோ" என்றார். "திரும்பி வந்துடக் கூடாது."

கடிதத்தைச் சொன்னாரா, எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பதில் போடு, அக்கா. திட்டி எழுதினாலும் சரி, எழுது.

இப்படிக்கு,
உன் தங்கை