மகாராணி மடியில் வந்து படுத்தாள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுகமில்லாதது இந்த வீட்டு மூன்றாவது ஆள்தான். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் பூனை உயிரோடுதான் இருக்கிறாள், பதறாமல் படி.

சர்க்கரை வியாதி என்று ஊசி ஆரம்பித்ததிலிருந்தே மகாராணி பழைய மகாராணி இல்லை. கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கிறாள், ஒதுங்குவதற்கு வைத்த மண் தட்டை விட்டுவிட்டு அப்பாவின் செருப்பிலேயே மூத்திரம் பெய்கிறாள், அப்பா ஓட்டுகிற பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்களாம். என்னைக் கண்டால் மட்டும் சுத்தமாக ஆகாது. தையல் மெஷினுக்கு அடியில் பதுங்கிக்கொண்டு சீறுவாள். காலையும் மாலையும் ஊசி போடுகிறவள் நான், தட்டு வைத்துக் கொஞ்சுகிறவர் அப்பா, கெட்ட பெயர் எனக்கு நல்ல பெயர் அவருக்கு, உன்னை வளர்த்தபோதும் இதே கதைதானே. டாக்டரம்மா அப்போதே சொன்னார், அது கோபம் இல்லம்மா, உடம்பு படுத்துற பாடு, சர்க்கரை கட்டுக்குள்ள வந்தா குணமும் திரும்பும், சாப்பிட வெச்சுட்டு அப்புறம் ஊசி போடுங்க, சாப்பிடலைன்னா போடாம எனக்கு போன் பண்ணுங்க என்று.

நான் கேட்டேனா? தட்டுச் சத்தம் கேட்டாலே ஊசி வருகிறது என்று ஓடுகிறாளே, சாப்பாட்டையும் ஊசியையும் பிரித்துவிட்டால் என்மேல் இருக்கிற பயம் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. தைத்தது சரியில்லை என்றால் பிரித்துப் பிரித்துத் தைத்தே பழகிய கை இது. அவள் தூங்கும்போது பிடரித் தோலைத் தூக்கி நைசாகப் போட்டுவிட்டு, விழித்த பிறகு தட்டு வைத்தேன். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. போன செவ்வாய்க்கிழமை தட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் நேராக வந்து என் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டாள். எத்தனை மாதம் கழித்து! எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவசரத் துணி பாதியில் நிற்க, மெஷினை நிறுத்திவிட்டு, கால் மரத்துப் போனாலும் அசையாமல் தடவிக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தேன், பாவி. வேலை முடிந்து வந்த அப்பாதான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னடி இது, எச்சில் ஒழுகுது, கால் இழுக்குது, பாத்துக்கிட்டே உக்காந்திருக்கியே என்று கத்தினார். ஈறில் தேனைத் தடவி, துண்டில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வெறும் வயிற்றில் ஊசி போட்டதில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டதாம். பாசமும் இல்லை ஒன்றும் இல்லை, தெம்பு போய்ச் சாய இடம் தேடி வந்திருக்கிறாள்.

உயிர் தப்பிவிட்டாள். ஆனால் கண் சரியாகத் தெரியவில்லை, சுவரில் முட்டுகிறாள், பார்க்கச் சகிக்கவில்லை. பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டரம்மா. அப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் சாப்பிட்டு முடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசியை என் கையில் தருகிறார். நேற்று கிட்டே போனதும் சத்தத்தை வைத்தே என்னைக் கண்டுபிடித்து மணிக்கட்டில் ஆழமாகப் பிறாண்டிவிட்டாள். ரத்தம் சொட்டச் சொட்டச் சிரித்தேன், அப்புறம் உட்கார்ந்து அழுதேன். அவள் என்னை வெறுத்துக்கொண்டே இருக்கட்டும், இருந்தால் போதும்.

இன்னொன்று. வீட்டை விட்டு அங்கே போன புதிதில் நீ போனில் என்ன கேட்டாலும் எரிந்து விழுவாய். கொஞ்ச நாளாக எதற்கெடுத்தாலும் சரிம்மா, சரிம்மா என்கிறாய். பொண்ணுக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்தேன். இப்போது அந்தச் சரிம்மாவை நினைத்தால் மகாராணி மடியில் வந்து படுத்ததுதான் ஞாபகத்துக்கு வருகிறது. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உடம்போ மனசோ எது சரியில்லை என்றாலும் என்னிடம் மறைக்காதே கண்ணு. நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், வேறொன்றும் எனக்கு வேண்டாம். இதைப் படித்ததும் போன் போடு. என் பூனையை இப்படிப் பண்ணிட்டியே என்று வாய்க்கு வந்தபடி திட்டு. சரிம்மா என்று மட்டும் சொல்லாதே, சொன்னால் அன்றைக்கே கிளம்பி வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
கையில் கட்டோடு,
உன் அம்மா