கட்டைவிரல்

நவ. 3, திங்கள்
தூறல். பெரம்பலூர் எலும்பு டாக்டரிடம் ஸ்கேன் காட்டினேன். இடுப்பில் ஜவ்வு பிதுங்கி, இடது காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறதாம். மாத்திரை 10 நாள். குனிந்து எதையும் தூக்கக் கூடாது. நெடுநேரம் உட்காரக் கூடாது. கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி அழுத்திப் பார்த்தார். தாக்குப்பிடித்தது.
"இது தூக்க வராமப் போனா அன்னிக்கே வந்துடுங்கம்மா. வலி இருக்கா இல்லையான்னு பாத்துக்கிட்டு இருக்காதீங்க. அப்புறம் கால் பழையபடி ஆகாது."
தலையாட்டினேன். பயமுறுத்துவது அவர்கள் தொழில். +2 கெமிஸ்ட்ரி இரண்டு பாடம் நடத்தப் பாக்கி. லீவு கேட்கவில்லை.

நவ. 5, புதன்
பள்ளிக்கு அரியலூர் பஸ். சிமெண்ட் லாரி ஓடி ஓடி ரோடு முழுக்கப் பள்ளம். ஒவ்வொன்றுக்கும் கெண்டைக்கால் வரை சுரீர்.
"சீட்டு கெடக்கே, உக்காருங்க டீச்சர்." கண்டக்டர். உட்கார்ந்தால்தான் வலி என்று ஊருக்கே சொல்வதா? நின்றே போனேன்.

நவ. 8, சனி
வலி பாதிதான். மாத்திரை கேட்கிறது. வீட்டில் இவரிடம் சொன்னேன். "அப்பாடா" என்றார்.
வாங்க: தோசை மாவு, சிவப்பு மை, செருப்பு (இடது வார் தளர்ச்சி, இரண்டு முறை கழன்றது).

நவ. 9, ஞாயிறு
வெயில். பக்கத்து வீட்டு செல்விக்கு இடுப்புப் பிடிப்பு. பருத்தி மூட்டை தூக்கினாளாம். பாயோடு வந்துவிட்டாள். நான் கால் முதலில் வெளிவந்த பிள்ளை. அப்படிப் பிறந்தவர் இடது காலால் மூன்று முறை நீவினால் பிடிப்பு விடுமாம். இவர் உளறியிருக்கிறார்.
"நான் கெமிஸ்ட்ரி படிச்சவ, செல்வி."
"படிச்சது தலதானே டீச்சர்? கால் படிக்கலயே."
சிரித்துவிட்டேன். அவள் பாயை விரித்துக் குப்புறப் படுத்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நீவல்.
"ஆ, நகம் கீறுது. வெரலத் தூக்குங்க."
தூக்கினேன்.
"தூக்குங்கன்னா!"
"தூக்கிட்டுத்தானே இருக்கேன்."
காலைத் தரையில் வைத்துப் பார்த்தேன். வலது கட்டைவிரல் நிமிர்ந்தது. இடது அசையவே இல்லை. செருப்பு வார் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

மதியம் 2.40. டாக்டருக்குப் போன். "வலி கொறஞ்சிருச்சா? அதான் பயம், நரம்பு மரத்துப்போகுது. ஒடனே வாங்க." ஆபரேஷன் என்ற சொல்லும் வந்தது.
இவர் ஆட்டோ பிடிக்கப் போயிருக்கிறார். நின்றபடி எழுதுகிறேன், எழுத்து கோணல். செல்வி இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு என் துணியைப் பையில் அடுக்குகிறாள்.
"இன்னும் ரெண்டு நீவல் பாக்கி இருக்கு டீச்சர். அந்தக் காலாலயே வந்து நீவணும்."
சரி என்றேன். ஆட்டோ ஹாரன்.