வெள்ளிக்கு முன் கழுவிய டிரம்

பங்குனி 4, திங்கள்
காலையிலேயே வெயில். முட்டி வலி. மிளகாய் காயப்போட்டேன்.
வேலிக்கு அந்தப் பக்கம், கொழுந்தன் வீட்டில் புது டிரம் வந்து இறங்கியது. ஆள் உயரம். முந்திரி ஓட்டைக் கொட்டிக் காற்றுப் புகாமல் மூடிச் சூடேற்றினால் வாயு வருமாம். அது குழாயில் போய், கொட்டை அவிக்கிற பாய்லரை எரிக்குமாம். மிச்சம் கரி.
சிதம்பரத்து மெக்கானிக் கத்திச் சொன்னார்: "எரிச்சப்புறம் ஒரு நாள் முழுசா ஆறணும். சூட்டோட தொறந்தா காத்து பட்டு குப்புனு புடிச்சிக்கும்."
கொழுந்தன் ஃபோனில் சிரித்துக்கொண்டிருந்தான். காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன்.
என் வீட்டுக்காரர் செத்த பதினோராம் நாள் என் பலா மரத்தை வெட்டியவன். இருபத்திரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அன்று மரத்தில் பதினேழு பிஞ்சு.

பங்குனி 6, புதன்
டிரம்முக்கு மஞ்சள், குங்குமம், சூடம். தெருவே வேடிக்கை. எனக்குச் சுண்டல் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.
நல்லெண்ணெய் தீர்ந்தது. பேரனிடமிருந்து ஃபோன் வரவில்லை.

பங்குனி 7, வியாழன்
விடியலில் டிரம்மைப் பற்றவைத்தார்கள். பாய்லர் ஓடியது. தொண்டை எரிச்சல்.
வெள்ளிக்கு முந்தின சாயங்காலம் அடுப்பைக் காலி செய்து கழுவிக் கோலம் போடுவது எங்கள் வழக்கம். இவன் டிரம்மையும் அடுப்பாக்கிவிட்டான்.
நாலு மணிக்கு அவன் மருமகள் செல்வி வேலியோரம் வந்தாள். அந்த வீட்டில் என்னோடு பேசுகிற ஒரே ஆள்.
"பெரியத்தை, மாமா டிரம்ம கழுவச் சொல்றாரு. நாளைக்கு வெள்ளிக்கிழமையாம்."
"தொறக்காதடி. நாளைக்குத்தான் தொறக்கணும். மெக்கானிக் சொன்னத நான் கேட்டேன்."
"நான் சொன்னா வாய் நீளுதும்பாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."
"அவன் வாசல்ல கால் வைக்க மாட்டேன்."
சிரித்தாள். "வெட்டுன மரம் இன்னும் உங்க மடியிலதான் இருக்கு." போய்விட்டாள்.
மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தேன். குப்பென்று சத்தம். பிறகு அவள் குரல்.

பங்குனி 9, சனி
கடலூர் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் நின்றபடி. இளநீர் இரண்டு.
செல்விக்குப் பாதி முகமும் இரண்டு கையும் கட்டு. கண் தப்பியது.
கட்டிலோரம் கொழுந்தன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் பேச்சு.
"யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன் அண்ணி."
இளநீரைக் கீழே வைத்தேன். செல்வி என்னையே பார்த்தாள். நான் வர மறுத்ததை அவளும் அவனிடம் சொல்லவில்லை.