மூன்று தரம் நூர்ந்த விளக்கு

ஜூலை, இங்கே குளிர்காலம், சனி இரவு

எங்களோடு தங்க வந்த மாமி கராஜில்தான் படுக்கிறார். அவர் தரையில் ஏற்றிய விளக்கு இன்று மூன்று தரம் நூர்ந்து அணைந்தது. “ஏதோ கூடாதது வரப்போகுது, தம்பி” என்றார்.

நான் பக்கத்திலிருந்த பிரிட்ஜைப் பார்த்தேன். அதில் நான் வடித்த பியர் குளிர்கிறது, நுரையேற்றும் காஸ் சிலிண்டரோடு. மீன் தொடாத மரக்கறிக்கார மாமி திறக்காதிருக்க, “அது மீன் பிரிட்ஜ்” என்று சொல்லியிருந்தேன்.

சிலிண்டர் குழாயில் சவர்க்காரத் தண்ணீர் தடவினேன். மூட்டில் குமிழ்கள்; கசிவு. அந்தக் காஸ், கரியமிலவாயு, காற்றைவிடப் பாரம், தரையில்தான் தேங்கும். சிலிண்டரின் திருகைப் பூட்டிக் கராஜ் கதவைத் திறந்தேன். திரும்ப ஏற்றிய விளக்கு நின்று எரிந்தது.

“முருகன் காப்பாத்திப்போட்டார்” என்றார். “ஓம் மாமி, அவர்தான்” என்றேன்.

மாமியின் மெத்தையும் தரையில்தான். நாலு நாளாய்த் தலையிடி என்றவருக்குக் குளிசை கொடுத்து, குளிருக்குக் கதவை இறுக்கிச் சாத்தியவன் நான்.